பென்சில் படத்தைத் தொடாத அண்ணாச்சிகள்

“எழுதுங்கடேன்னா ஒருத்தனும் எழுத மாட்டேங்கான்” என்றார் அண்ணாச்சி. டீ கிளாசை வைத்த வேகத்தில் கொஞ்சம் டீக்கடை மேஜையில் சிந்தியது. ஊரைப் பற்றிய எல்லாவற்றையும் தொகுத்து வைக்க அவர்கள் ஒரு விக்கி தொடங்கியிருக்கிறார்கள். குளம், மடை, தெரு, கொடை நடக்கும் கோவில், இடிந்துபோன பழைய பள்ளிக்கூடம், பிழைக்கப் போய் வேறு ஊரில் தங்கிவிட்டவர்கள் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது ஆசை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஊர்ப் பையன் ஒருவன் மீடியாவிக்கி மென்பொருளை நிறுவிக் கொடுத்துவிட்டான். விக்கிப்பீடியா ஓடுவதும் அதே மென்பொருளில்தான். பக்கங்கள் மட்டும் காலியாகக் கிடக்கின்றன.

“ஆளுகளுக்கு ஆர்வம் இல்லைன்னு பையன் சொல்லுதான்.”

ஆர்வம் இல்லாதவர்களா ராத்திரி பதினோரு மணிக்கு, கீழ மடைக்கு எந்த வருஷம் ஷட்டர் போட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் மல்லுக்கட்டுகிறார்கள்? அண்ணாச்சியின் போனிலேயே அந்தக் குழுவைப் பார்த்தேன். ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் மறுக்கிறார், மூன்றாமவர் அப்பா காலத்துத் தீர்வை ரசீதைப் படம் எடுத்துப் போடுகிறார். விக்கியில் நடக்க வேண்டியதெல்லாம் அங்கேதான் நடக்கிறது. மறுநாள் காலை நாற்பது ‘இனிய காலை வணக்கம்’ வந்து ரசீதை மூடிவிடுகிறது. சரக்கு இருக்கிறது, சொல்ல ஆள் இருக்கிறார்கள். விக்கியின் வாசலில்தான் ஏதோ தடுக்கிறது. அது என்ன என்று அண்ணாச்சிக்குச் சொன்னதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் விக்கியை விடுங்கள் அண்ணாச்சி, பெரிய விக்கியையே எடுத்துக்கொள்வோம். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதில் ஏதாவது ஓர் ஊரின் கட்டுரையைத் திறந்து, மூலத்தைத் தொகுக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஊரைப் பற்றிய முதல் வாக்கியம் கண்ணில் படாது. முதலில் இரண்டு நெளி அடைப்புக்குறி நிற்கும். பிறகு ஏதோ ஒரு வார்ப்புருவின் பெயர். அதற்குக் கீழே வரிக்கு வரி ஒரு செங்குத்துக் கோடு, ஒரு சொல், ஒரு சமக்குறி. அட்சரேகை, தீர்க்கரேகை, மாவட்டம், மக்கள்தொகை, அஞ்சல் குறியீடு. போன் திரையில் இரண்டு மூன்று முறை தள்ளினால்தான் அந்த அடைப்பு மூடும். அதன் பிறகுதான் “இது இன்ன மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர்” என்று மனிதர் பேசும் மொழி ஆரம்பிக்கும். அதற்கு நடுவிலும் கோண அடைப்பும் இணைய முகவரியுமாக மேற்கோள்கள் குறுக்கே விழுந்து கிடக்கும். உங்கள் சேக்காளி திருத்த வந்தது குளத்தின் பெயரில் ஒரே ஓர் எழுத்து. ‘ற’வுக்குப் பதில் ‘ர’ போட்டிருக்கிறார்கள். இந்தக் காட்டைப் பார்த்ததும் பேசாமல் வெளியே வந்துவிடுவார். வீட்டில் கேட்டால் “அதெல்லாம் நமக்கு எதுக்கு” என்பார். அதைத்தான் பையன் ஆர்வம் இல்லை என்று எழுதிக்கொள்கிறான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறிகள் எல்லாம் எளிமைக்காக வந்தவை. 1995-இல் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியைத் திறந்தபோது, ஒரு வலைப்பக்கத்தை மாற்ற ஹெச்டிஎம்எல் தெரிந்திருக்க வேண்டும், சர்வருக்குள் போக அனுமதியும் வேண்டும். படிக்கிறவரே அந்த இடத்திலேயே திருத்தலாம் என்று அவர் ஆக்கினார். 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியாவிலும் அப்படித்தான். எழுத்தைத் தடிமனாக்க மூன்று ஒற்றை மேற்கோள்குறி, இணைப்புக்கு இரண்டு சதுர அடைப்பு. அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். போகப் போக, உள்ளே இருந்தவர்கள் தங்கள் வசதிக்கு ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஒரே பட்டியலை ஆயிரம் பக்கத்தில் எழுதவேண்டாம் என்று வார்ப்புரு வந்தது. ஆதாரம் கேட்டுச் சண்டை வந்ததால் மேற்கோள் குறிகள் வந்தன. ஒவ்வொன்றும் நியாயமான காரணத்தோடு வந்ததுதான். பழகியவருக்கு வேலை குறையக் குறையப் புதியவருக்குச் சுவர் உயர்ந்தது. உங்கள் பையனும் இதையே செய்திருக்கிறான். விக்கி தொடங்கிய வாரத்திலேயே அழகான தகவல் பெட்டி, வண்ண அட்டவணை, பகுப்பு மரம் எல்லாம் போட்டுவிட்டான். அவனுக்கு அது பெருமை. எழுபது வயது ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. அந்தப் பக்கத்தை எப்படித் தொடுவார்?

“அப்போ வேர்டுல அடிக்கிற மாதிரி வைக்க முடியாதா?” என்று கேட்டார் அண்ணாச்சி.

முடியும். அதற்கு விசுவல் எடிட்டர் என்று பெயர். பக்கம் எப்படித் தெரிகிறதோ அப்படியே திருத்தலாம், குறிகள் எதுவும் கண்ணில் படாது. விக்கிமீடியா அறக்கட்டளை 2013 ஜூலையில் இதை ஆங்கில விக்கிப்பீடியாவில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பழைய ஆட்கள் கொதித்துப்போனார்கள். கருவி மெதுவாகத் திறந்தது, தேவையில்லாத குறிகளைப் பக்கத்துக்குள் சிதறவிட்டது. செப்டம்பரிலேயே அங்கே அதைப் பின்வாங்கி, வேண்டியவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளும்படி மாற்றினார்கள். கருவியில் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. உள்ளே சேமிக்கப்படுவது பழைய குறிமொழிதான். அதைத் திரைக்காக ஹெச்டிஎம்எல் ஆக்கி, நீங்கள் ஓர் எழுத்தைத் திருத்தியதும் மறுபடி குறிமொழியாக்க வேண்டும். அப்போது நீங்கள் தொடாத வரி ஒன்றுகூட அசையக் கூடாது. இந்த இருவழி மாற்றத்தைச் செய்யும் மென்பொருளுக்குப் பார்சாய்டு என்று பெயர். அது பக்குவப்படப் பல வருஷங்கள் ஆயின.

முன்பெல்லாம் சின்ன விக்கி வைத்திருப்பவர்களுக்கு இது எட்டாக்கனி. பார்சாய்டுக்கென்று தனியாக ஒரு சேவையை ஓடவிட வேண்டும். 2020 செப்டம்பரில் வந்த மீடியாவிக்கி 1.35 முதல் விசுவல் எடிட்டரும் அதற்கு வேண்டியதும் மென்பொருளோடு கூடவே வருகின்றன. ஆகவே பையனிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பதிப்பு போட்டிருக்கிறான் என்பது. பழையது என்றால் மாற்றச் சொல்லுங்கள். போனில் ஒழுங்காகத் தெரிய மொபைல் ஃபிரண்டெண்டு என்ற நீட்சியும் வேண்டும். உங்கள் ஆட்களில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார்கள். போனில் ‘தொகு’ என்ற சொல் இருக்கும் இடத்தில் ஒரு சின்னப் பென்சில் படம்தான் இருக்கும். அதைத் தொட்டால் எழுதலாம் என்பது யாரும் சொல்லாமல் எப்படித் தெரியும்? முதல் பக்கத்திலேயே அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, “இதைத் தொட்டால் நீங்கள் எழுதலாம்” என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிதாகச் சேர்ந்தவர்களை இரண்டு கூறாக்கி, ஒரு கூறுக்கு மட்டும் விசுவல் எடிட்டரைத் தந்து பார்த்தார்கள். புதியவர்கள் நிலைத்து நின்று எழுதுவதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. குறிமொழி ஒரு தடை, அவ்வளவுதான். அதைத் தாண்டியவர் அடுத்து ‘எதை எழுத?’ என்று நிற்கிறார்.

என்னைக் கேட்டால் விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. காலிப் பக்கத்தைக் காட்டி “ஊரைப் பற்றி எழுதுங்கள்” என்றால் எழுத்தாளரே தலையைச் சொறிவார். ஆனால் தப்பாக எழுதிய ஒன்றைக் காட்டினால் நம் ஆட்களால் சும்மா இருக்க முடியாது.

இதைத் தமிழ் விக்கிமூலத்தில் பார்க்கலாம். அது பழைய நூல்களை மின்னெழுத்தாக்கும் இடம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பலவற்றின் ஸ்கேன் அங்கே இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு பாதியில் அச்சுப் பக்கத்தின் படம், மறுபாதியில் எழுத்துணரி படித்துக் கொடுத்த உரை. எழுத்துணரி நன்றாகத்தான் படிக்கும், ஆனால் பழைய அச்சில் துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் நடுவே தடுமாறும், புள்ளியை விழுங்கும், இரண்டு பத்தியை ஒன்றாக ஒட்டிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது படத்தைப் பார்த்து உரையைச் சரிசெய்வது மட்டும். முடிந்ததும் கீழே வண்ண வட்டங்கள் இருக்கும். யாரும் மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. நீங்கள் பார்த்து முடித்தால் மஞ்சள். இன்னொருவர் வந்து மறுபடி சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. அட்டவணையைத் திறந்தால் நூல் முழுவதும் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும், எங்கே ஆள் வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு பக்கத்தோடு வேலை முடிகிறது. நடையழகு வேண்டாம், ஆதாரம் தேட வேண்டாம், தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். தப்பு விட்டாலும் பார்க்க இன்னொரு கண் இருக்கிறது என்ற தைரியம் வேறு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலைக் காப்பிக்கும் பேப்பருக்கும் நடுவில் இரண்டு பக்கம் பார்த்துவிடலாம். விக்கிப்பீடியாவிலும் பிற்பாடு இதே வழிக்குத்தான் வந்தார்கள். புதியவருக்கென்று ஒரு முகப்புப் பக்கம் தந்து, ‘இந்தச் சொல்லுக்கு இந்தக் கட்டுரையை இணைக்கலாமா? ஆம், இல்லை’ என்கிற அளவுக்கு வேலையைச் சிறிதாக நறுக்கிக் கொடுக்கிறார்கள்.

உங்கள் ஊருக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? வாட்ஸ்அப்பில் வந்த பழைய படங்களை ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றின் கீழும் ‘இடமிருந்து வலமாக: யார், யார்?’ என்று விட்டுவிடுங்கள். ஒரு தெருவுக்கு ஒரு பக்கம் தொடங்கி, வேண்டுமென்றே அரைகுறையாக எழுதிவையுங்கள். குளத்துக்கு ஒரு படிவம் வையுங்கள். பேஜ் ஃபார்ம்ஸ் என்றொரு நீட்சி இருக்கிறது. குளத்தின் பெயர், எத்தனை மடை, எந்த வயலுக்குப் பாயும், மறுகால் எங்கே போகும், கடைசியாக எப்போது நிறைந்தது என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். ரேஷன் கடை விண்ணப்பத்தை நிரப்பியவர் யாரும் இதை நிரப்பிவிடலாம். அந்த நெளி அடைப்பு சமாசாரத்தையெல்லாம் மென்பொருளே பின்னால் எழுதிக்கொள்ளும். பையன் போட்ட தகவல் பெட்டி வீணாகாது, உறுப்பினர் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

தட்டச்சு அடுத்த தொல்லை. மீடியாவிக்கியோடு யுனிவர்சல் லாங்குவேஜ் செலக்டர் என்ற நீட்சியைச் சேர்த்தால் எழுதும் பெட்டிக்குள்ளேயே தமிழ் விசைப்பலகைகள் வந்துவிடும். தமிழ்99 இருக்கும், ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பதும் இருக்கும். கன்ட்ரோலும் எம்மும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். ஒலிபெயர்ப்பில் அடிப்பவர்கள் வழக்கமாக ‘ந’வில் மாட்டுவார்கள். ஆங்கில ‘என்’னைச் சிறிதாக அடித்தாலும் பெரிதாக அடித்தாலும் ‘ன’வும் ‘ண’வும்தான் வரும், ‘ந’ வராது. அதற்கு டபிள்யூ அடிக்க வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்தால் பாதிப் புலம்பல் ஓயும். போனில் இந்த வம்பே வேண்டாம். விசைப்பலகையில் இருக்கும் மைக்கைத் தொட்டுப் பேசினால் தமிழாக விழும். புள்ளி, காற்புள்ளி இருக்காது, “மறுகால்” என்றால் வேறு எதையாவது எழுதி வைக்கும். இருக்கட்டும். திருத்துவதற்கு வேறு ஆள் இருக்கிறான்.

அந்த ஆள் யார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கல்யாண வீட்டில் மொய் எழுத ஒருவரை உட்கார வைக்கிறோம் இல்லையா? வருகிறவர் பேர், ஊர், தொகை சொல்வார். நோட்டில் கோடு போடுவதும், ஒரே பேரில் நாலு முருகன் வந்தால் அப்பா பேரைச் சேர்ப்பதும் எழுதுகிறவர் வேலை. மொய் வைக்க வந்தவரிடம் நோட்டைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னால் பந்திக்குப் போகாமலே திரும்பிவிடுவார். விக்கியிலும் இரண்டு மூன்று பேர் அப்படி உட்கார வேண்டும். உறுப்பினர் எப்படிப் போட்டாலும் சரி, வெறும் உரையாகவோ, வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவோ, நோட்டில் எழுதிய படமாகவோ. தலைப்புப் போடுவது, பத்தி பிரிப்பது, பகுப்பு சேர்ப்பது இவர்கள் பாடு. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: குரல் செய்தியைத் தட்டச்சு செய்தால், சொன்னவர் பேரும் தேதியும் பக்கத்தில் இருக்க வேண்டும். பெருமை அவருக்குப் போகட்டும், நாளைக்குச் சந்தேகம் வந்தால் கேட்கவும் அவரிடம்தான் போக வேண்டும்.

“எல்லாஞ் சரி. நான் ஏதாச்சும் அமுக்கி எல்லாம் அழிஞ்சு போச்சுன்னா?”

அண்ணாச்சி இதைக் கடைசியாகத்தான் கேட்டார். அவர் ஆட்கள் எல்லோர் மனசிலும் முதலாவதாக இருப்பது இதுதான் என்று எனக்குப்பட்டது. வேறெந்த இடத்திலும் இந்தப் பயம் நியாயம். பத்திரப் பதிவில் ஓர் எழுத்து தப்பினால் வருஷக்கணக்கில் அலைய வேண்டும், வங்கிச் செயலியில் ஒரு பொத்தான் தவறினால் காசு போகும். விக்கியில் ஒரு பக்கத்தின் ஒவ்வொரு பழைய நிலையும் அப்படியே இருக்கிறது. வரலாறு என்ற தாவலைத் திறந்தால் யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த எழுத்தை மாற்றினார் என்று வரிசையாகத் தெரியும். எதற்கு வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். இதை வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முதல் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நீங்களே ஒரு பக்கத்தைத் துடைத்து வெள்ளையாக்கிச் சேமியுங்கள். கொஞ்சம் பதறட்டும். பிறகு வரலாற்றுக்குப் போய்ப் பழையதைக் கொண்டுவாருங்கள். அடுத்து, கூட்டத்திலேயே அதிகம் தயங்குகிறவரை அழைத்து அழிக்கச் சொல்லுங்கள், அவரையே மீட்கவும் சொல்லுங்கள். பயிற்சி வகுப்புகளில் படக்காட்சி போட்டு விளக்குவதைவிட இதற்கு மதிப்பு அதிகம் என்பேன். கூடவே, யாரும் எதையும் கிறுக்கிப் பார்க்க ஒரு மணல்தொட்டிப் பக்கம் வையுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் அதற்கு அதே பெயர்தான். பொதுவாகக் கூடிப் பேசும் பக்கத்துக்கு அங்கே ஆலமரத்தடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே என்ன நடக்கும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பொத்தானில் உள்ள சொற்களும் உங்கள் கையில்தான். மீடியாவிக்கியில் பொத்தான், எச்சரிக்கை, வரவேற்பு என்று திரையில் வரும் ஒவ்வொரு வாசகத்தையும் நிருவாகி மாற்றலாம். விக்கிப்பீடியாவிலேயே முன்பு ‘பக்கத்தைச் சேமி’ என்று இருந்தது. சேமித்தால் அது உடனே ஊருக்கே தெரியும் என்று புதியவர்களுக்குப் புரியவில்லை என்பதால் ‘வெளியிடு’ என்ற பொருளில் மாற்றினார்கள். உங்கள் விக்கியில் யாருக்கும் புரியாத வாசகம் எது என்று உறுப்பினர்களையே கேட்டு மாற்றுங்கள்.

இனி வருவது கொஞ்சம் கசப்பு. எழுதத் தயங்கியவர் ஒருநாள் துணிந்து எழுதுகிறார். பையன் அதைப் பார்த்து, “வடிவம் சரியில்லை, ஆதாரம் இல்லை” என்று ஒரே அழுத்தில் நீக்கிவிடுகிறான். அவர் இனி வரமாட்டார். உங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை இது. ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதுபவர் எண்ணிக்கை 2007 வாக்கில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு சரிந்தது. ஏன் என்று ஆரன் ஹாஃபக்கரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2013-இல் எழுதினார்கள். விஷமிகளைத் தடுக்கக் கட்டிய தானியங்கிக் கருவிகளும் இறுகிப்போன விதிகளும், நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டன என்பது அவர்கள் கண்டது. புதியவர்கள் தயங்காமல் கேள்வி கேட்க 2012-இல் அங்கே ஒரு தனிப் பக்கம் திறந்தார்கள், பெயரே தேநீர்க்கடை. நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் மகிமை அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது! உங்கள் விக்கியில் புதியவரின் முதல் பத்துத் திருத்தங்களை யாரும் நீக்கக் கூடாது, சரிசெய்ய மட்டுமே அனுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றி சொல்ல ஒரு பொத்தான் உண்டு, அதையும் அழுத்தச் சொல்லுங்கள். அதைவிட ஒரு போன் அடித்து “அண்ணாச்சி, நீங்க எழுதுனதைப் பார்த்தேன்” என்றால் இன்னும் நல்லது.

அதற்காகக் கதவை முழுக்கத் திறந்துபோடவும் முடியாது. பெயர் பதியாமலே யாரும் எழுதலாம் என்று விட்டால், கொஞ்ச நாளில் உங்கள் குளத்துப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரமும் மாத்திரை விளம்பரமும் வந்து குடியேறும். எல்லாம் தானியங்கிகள். கணக்குகளை நீங்களே தொடங்கி, பெயரையும் கடவுச்சொல்லையும் கையில் கொடுத்துவிடலாம், முப்பது நாற்பது பேருக்கு அது பெரிய வேலை இல்லை. அப்படி முடியாவிட்டால், கோணல்மாணலான ஆங்கில எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் சோதனை வேண்டாம். நம் ஆட்கள்தான் அதில் முதலில் தோற்பார்கள். கன்ஃபர்ம் எடிட் என்ற நீட்சியில் நம் சொந்தக் கேள்வியை வைக்க வசதி இருக்கிறது. “நம்ம ஊர் அம்மன் கொடை எந்த மாசம்?” என்று கேளுங்கள். ஒரே விடையைப் பல விதமாக எழுதினாலும் ஏற்கும்படி வைக்கலாம், எனவே சித்திரை என்றாலும் சித்திரை மாசம் என்றாலும் உள்ளே விடும். வெளிநாட்டுத் தானியங்கி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

கோவில் உரிமை, தெருப் பெயர், யார் முதலில் குடியேறினார்கள் என்ற வழக்குகள் வரத்தான் செய்யும். இன்னார் இப்படிச் சொல்கிறார், இன்னார் அப்படிச் சொல்கிறார் என்று இரண்டையும் எழுதிவிட்டு நகருங்கள். உயிரோடிருப்பவர்களின் போன் நம்பர், சர்வே நம்பர், குடும்பச் சண்டை எதுவும் உள்ளே வரவேண்டாம்.

அண்ணாச்சி இன்னொரு டீ சொன்னார். போனை எடுத்து அவர்கள் விக்கியைத் திறந்து, பென்சிலைத் தேடினார். இல்லை. வெறும் எழுத்தாக ஒரு மெனுவுக்குள் ‘தொகு’ ஒளிந்திருந்தது. பையனுக்கு அங்கிருந்தே போன் போட்டார்.

“ஏ மக்கா, என்ன பதிப்புடே போட்டிருக்க? ... முப்பத்தொண்ணா? அதை முதல்ல மாத்து. பிறவு அந்தக் கலர் பெட்டியையெல்லாம் கொஞ்சம் உள்ள தள்ளு. ஞாயித்துக்கிழமை நான் ஒரு பக்கத்தை அழிக்கப்போறேன், பதறாத.”